ரோமாபுரியோடு சண்டை பிடித்த மேசன்

உலகத்திலேயே ரோமாபுரியோடு நேருக்கு நேர் சண்டை பிடித்துவிட்டு ஊர் திரும்பிய ஒரே ஆள் எங்கள் மேசனார்தான். அந்தக் காலத்தில் அந்த நகரத்தின் மேல் படையெடுத்துப் போனவர்கள்கூட அவ்வளவு கோபத்தோடு போயிருக்கமாட்டார்கள். அவர்களுக்குப் பொன்னும் பொருளும் வேண்டியிருந்தது. கிடைத்ததும் கோபம் ஆறியிருக்கும். மேசனாருக்கு வேண்டியிருந்தது ஒரு பதில். அது அங்கே விற்பனைக்கு இல்லை.

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. ஆனால் அவருடைய கடவுச்சீட்டு ஏஜென்சிக்காரன் செய்து கொடுத்தது. அதிலிருந்த பெயர் வேறு யாருடையதோ, படமும் வேறு யாருடையதோ. படத்துக்கும் இவருக்கும் ஒற்றுமை மீசை மட்டும்தான். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் யாராவது சந்தேகப்படுவார்கள் என்பதால் அவருடைய ஊரான சித்தாண்டியில் எல்லோரும் அழைத்தது போல நானும் மேசன் என்றே அழைத்தேன். வயதுக்கு மரியாதையாக முன்னால் ஆளைப் பார்த்து 'அண்ணன்' என்பேன், பின்னால் மேசனார்.

மட்டக்களப்பில் ஒரு இளைஞன் ஒன்றில் காணாமல் போகவேண்டும், அல்லது வெளிநாடு போகவேண்டும் என்றிருந்த காலம் அது. என்னை அம்மா நகையை விற்று இரண்டாவது வழியில் அனுப்பினார். கனடா என்று சொல்லிக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன், மேசனாரையும் என்னையும் ரோம் புகையிரத நிலையத்தில் இருத்தி, "இதில இருங்க, ரெண்டு நாளையில வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனான். இன்னும் வந்துகொண்டிருக்கிறான். அவன் வந்தால் கேட்பதற்கென்று மேசனார் அந்த நிலையத்தின் வாங்கிலேயே சில வசனங்களைத் தயார்செய்து வைத்திருந்தார். அவற்றை ஒரு வாரப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

கத்தோலிக்கக் கோயில்காரர் நடத்திய ஒரு விடுதியில் கட்டில் கிடைத்தது. இலவசம்தான். ஒரேயொரு நிபந்தனை: இத்தாலிய வகுப்புக்கு ஒழுங்காக வரவேண்டும், வராதவனுக்குச் சாப்பாடு இல்லை. அப்படித்தான் சித்தாண்டியில் பாதி வீடுகளைக் கட்டியெழுப்பிய ஒரு மனிதர், நாற்பத்தைந்து வயதில், முழங்கால் இடிக்கும் சின்ன மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அ, ஆ படிக்கவேண்டி வந்தது.

முதல் நாளிலேயே மொழியோடு தகராறு தொடங்கிவிட்டது. படிப்பித்தவர் இளைப்பாறிய ஓர் ஆசிரியை. நாங்கள் எல்லோரும் சிஞ்ஞோரா என்று அழைப்போம். அம்மணி என்ற மாதிரி. அவர் பலகையில் ஒரு வீட்டை வரைந்து, "காசா" என்றார்.

மேசனார் என்னைப் பார்த்தார். "என்ன மனே கேக்கிறா? காசு கேக்கிறாவா?"

"இல்லண்ண. வீட்டுக்கு இத்தாலியன்ல காசா எண்டு பேர்."

பலகையிலிருந்த வீட்டை இன்னொருமுறை பார்த்தார். "சரியாத்தான் வச்சிருக்கானுகள்" என்றார். அந்த மொழியைப் பற்றி அவர் சொன்ன முதலாவது நல்ல வார்த்தையும் கடைசி நல்ல வார்த்தையும் அதுதான்.

அடுத்த வாரம் சொற்களுக்கு ஆண்பால் பெண்பால் வந்தது. சுவர் ஆண்பால். கல் பெண்பால். கதவு பெண்பால். கூரை ஆண்பால். நாங்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு பாடமாக்கினோம். மேசனார் மட்டும் எழும்பி நின்றார்.

"இஞ்ச பாருகா, கல்லு பொம்பிள. கல்ல அடுக்கிக் கட்டினா அது ஆம்பிள. அப்ப எத்தினையாவது வரியில ஆம்பிளயா மாறுது? அதக் கேட்டுச் சொல்லு மனே."

நான் கேட்கவில்லை. உயர்தரம் வரை ஆங்கிலம் படித்தவன் என்ற குற்றத்துக்காக என்னை அவருடைய மொழிபெயர்ப்பாளராக நியமித்திருந்தார்கள். சிஞ்ஞோராவுக்கும் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். "அவர் இலக்கணம் மிகவும் நுட்பமானது என்கிறார்" என்று சொன்னேன். சிஞ்ஞோராவின் முகம் மலர்ந்தது. மேசனாரை முன் வாங்குக்கு மாற்றினார்.

இதெல்லாம் வகுப்பறைக்குள் நடந்தவரைக்கும் தாங்கிக்கொள்ளக்கூடியதாகத்தான் இருந்தது. ஆனால் சிஞ்ஞோராவுக்கு ஒரு கொள்கை இருந்தது. மொழியை நாலு சுவருக்குள் படிக்கக்கூடாதாம். வெளியே போய்க் கண்ணால் பார்த்துக் கையால் தொட்டுப் படிக்கவேண்டுமாம். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களை எல்லாம் வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனார். எங்கே என்கிறீர்கள்? இடிந்த கட்டடங்களைப் பார்க்க!

யோசித்துப் பாருங்கள். இடிந்த சுவர்களைப் பார்த்துப் பயந்து, காடு கடல் கடந்து, களவாக எல்லை தாண்டி வந்தவர்கள் நாங்கள். எங்களைப் பிடித்து ஓய்வு நாளில் இடிந்த சுவர் காட்டுகிறார்கள். அதுவும் சும்மா இல்லை, "அழகாக இல்லையா?" என்று வேறு கேட்கிறார்கள். எனக்கே உள்ளுக்குள் எரிந்தது. மேசனாருக்கு வெளியிலேயே எரிந்தது.

முதல் ஞாயிறு அந்தப் பெரிய வட்டமான விளையாட்டு அரங்கு. ரோம் என்றால் உலகத்துப் படமெல்லாம் அதுதான். ஒரு பக்கம் உயரமாக நிற்கும், மறு பக்கம் பாதி விழுந்து கிடக்கும். சிஞ்ஞோரா அதன் முன்னால் நின்று, கைகளை விரித்து, கண்களை மூடி ஏதோ சொன்னார். மேசனார் விழுந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மனே, இத ஆரு உடைச்சது?"

நான் கேட்டேன். சிஞ்ஞோரா பெருமூச்சுவிட்டு, "இல் தெம்போ" என்றார்.

"என்னவாம்?"

"காலம் எண்டு சொல்லுறா அண்ண. காலம்தான் உடைச்சதாம்."

மேசனாரின் மீசை இரண்டு பக்கமும் எழும்பியது. "காலமோ? காலம் எப்பிடிகா செவர உடைக்கும்? காலத்துக்குக் கையிருக்கா? அலவாங்கு இருக்கா? ஆரோ உடைச்சிருக்கான். ஆரெண்டு இவவுக்குத் தெரியும். சொல்லப் பயப்பிடுறா. நல்லாக் கேளு!"

நான் நல்லாகக் கேட்கவில்லை. "மிகவும் அழகாக இருக்கிறது என்கிறார்" என்றேன்.

அன்று திரும்பும் வழியில் பேருந்திலேயே, அவர் மொழிபெயர்ப்பாளரில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றிவிட்டார். 'ஆர் உடைச்சது' என்பதற்கு இத்தாலியனில் என்ன என்று என்னைக் குடைந்து குடைந்து கேட்டார். கி லா ரொத்தோ. வாழைச்சேனைக் கடதாசி ஆலைச் சங்கு மாதிரி நாள் முழுதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். வணக்கம் சொல்லத் தெரியாது, தண்ணீர் கேட்கத் தெரியாது, மலசலகூடம் எங்கே என்று கேட்கத் தெரியாது. ஆர் உடைச்சது என்று மட்டும் சுத்தமான இத்தாலியனில் கேட்பார்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் அதே கேள்விதான். தூண் விழுந்து கிடந்தால் கி லா ரொத்தோ. சிலைக்கு மூக்கு இல்லையென்றால் கி லா ரொத்தோ. வழிகாட்டிகளிடம் கேட்டார், ஐஸ்கிறீம் விற்பவனிடம் கேட்டார், ஒரு கல்யாணத் தம்பதி படமெடுத்துக்கொண்டிருக்கும்போது இடையில் புகுந்து கேட்டார். மணமகள் பயந்து மாப்பிள்ளைக்குப் பின்னால் போனாள். வகுப்பில் இருந்த மற்ற நாட்டுக்காரர்கள் அவருக்கு அதையே பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள். "கி லா ரொத்தோ வந்துவிட்டாரா?" என்று கேட்டால், பின்னால் இருந்து "ஓம், வந்திட்டன்" என்பார்.

உடையாமல் முழுதாக நின்ற கட்டடத்திலாவது நிம்மதியாக இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. கவிழ்த்த பானை மாதிரிப் பெரிய கூரை உள்ள ஒரு பழைய கோவிலுக்குக் கூட்டிப்போனார்கள். கூரையின் உச்சியில் வட்டமாக ஒரு துவாரம். வெளியே நல்ல மழை. மழை நேராக நடுத் தரையில் கொட்டிக்கொண்டிருந்தது. மேசனார் அண்ணாந்து பார்த்தார். "கொந்தராத்துக்காரன் கடைசியில ஓடிட்டான்" என்றார். வேண்டுமென்றேதான் திறந்து விட்டிருக்கிறார்கள் என்று நான் விளக்கினேன். "வேணுமெண்டு ஓட்ட விட்டு வீடு கட்டுவானா ஒருத்தன்? எங்கட ஊருல இப்பிடிக் கட்டிக் குடுத்தா என்னக் கட்டி வச்சி அடிப்பானுகள்!" அவர் சொன்னது தப்பு. அந்தத் துவாரத்தில்தான் அந்தக் கட்டடத்தின் பெருமையே இருக்கிறது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் நனைந்துகொண்டு நின்ற எனக்கு அப்போது அவர் பக்கம்தான் நியாயம் தெரிந்தது.

ஒரு நாள் என் மோசடியும் பிடிபட்டது. பெல்லோ என்றால் அழகு என்று அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு தூண் வரிசைக்கு நடுவில் வைத்து என் சட்டைக் கொலரைப் பிடித்தார்.

"நான் எப்படா பெல்லோ எண்டு சொன்னன்? இவ்வளவு நாளும் நான் வயிறெரிஞ்சி சொன்னதெல்லாம் நீ பெல்லோ எண்டா சொல்லிக் குடுத்த?"

"வேற என்ன சொல்லுறது? உங்களால எனக்கு மானம் போகுது! உடைஞ்சது உடைஞ்சி போச்சு. ரெண்டாயிரம் வருசம். ஆர் உடைச்சா என்ன? ஏன் போற போற இடமெல்லாம் கேட்டுக்கொண்டு திரியிறீங்க?"

வெள்ளைக்காரர்கள் தூண்களை விட்டுவிட்டு எங்களைப் படம் எடுத்தார்கள். மேசனார் கொலரை விட்டார். விழுந்து கிடந்த ஒரு தூணில் உட்கார்ந்தார். விடுதியில் கட்டித் தந்த பாணைப் பிய்த்துப் பாதியை எனக்குத் தந்துவிட்டு, சித்தாண்டியில் இருந்த தன் வீட்டைப் பற்றி அன்றைக்குத்தான் சொன்னார்.

ஊராருக்கெல்லாம் வீடு கட்டிக்கொண்டிருந்த மனிதர் தனக்கென்று கட்டியது ஒன்றே ஒன்று. பகலில் கூலி வேலை, வேலை முடிந்து வந்து சொந்த வேலை. சிவப்புச் சீமெந்து போட்டு, தேய்த்துத் தேய்த்து, முகம் தெரியும் நிலம். மட்டக்களப்பையே பிரட்டிப் போட்ட அந்தச் சூறாவளியில் சுற்றியிருந்த தென்னைகள் எல்லாம் விழுந்தும் ஒரு ஓடு கழலாத வீடு. பிறகு ஒரு பங்குனியில் செல்லடி தொடங்கியது. மனிசி, இரண்டு பெண் பிள்ளைகள், அடுப்பில் இருந்த அரிசிப் பானை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கோயில் வீதிக்கு ஓடினார். திரும்பி வந்தபோது வாசல் நிலை மட்டும் நின்றது. அதற்குள்ளால் பின் வளவு தெரிந்தது.

"பொலிசில போய் என்றி போட்டன் மனே. ஆரு உடைச்சதெண்டு விசாரியுங்க எண்டன். எழுதினவன் என்ன ஏறிட்டுப் பாக்கவுமில்ல. காத்துக்கு உடைஞ்சது எண்டு எழுதினான்."

"காத்துக்கா?"

"காத்துக்கு! சூறாவளிக்கு அசையாத வீடு மனே! பங்குனி மாசத்தில என்ன காத்து? இலையசையாது! வீட்டையும் உடைச்சி, என்ட வேலையும் சரியில்ல எண்டு எழுதிப் போட்டானுகள்!"

எங்கள் பக்கத்தில் 'ஆர் செய்தது' என்ற கேள்வியை இரண்டு முறை கேட்டவர்கள் மூன்றாம் முறை கேட்க இருந்ததில்லை. கேட்கமுடியாத அந்தக் கேள்வியை மடியில் கட்டிக்கொண்டு வந்து, கேட்டால் யாரும் சுடாத ஓர் ஊரில் அந்த மனிதர் கேட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார். அங்கேயும் காலம் என்று பதில் சொன்னால் கோபம் வராமல் என்ன செய்யும்? அன்றிலிருந்து அவர் என்ன சொன்னாலும் அப்படியே மொழிபெயர்த்தேன். சிஞ்ஞோராவின் முகம் ஞாயிற்றுக்கு ஞாயிறு சுருங்கிக்கொண்டு போனது.

கடைசியாக நாங்கள் போனது நகரத்துக்கு வெளியே, ஆற்று முகத்துவாரத்தில் இருந்த ஒரு பழைய துறைமுகப் பட்டினம். முழுப் பட்டினமுமே இடிபாடு. தெருத் தெருவாக வீடுகள், கடைகள், குளிக்குமிடங்கள், எல்லாம் செங்கல், எல்லாம் இடுப்பளவு. மேசனார் அன்று எதுவுமே கேட்கவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. அங்கேதான் நான் ஏமாந்தேன்.

சிஞ்ஞோரா ஒரு வீட்டு வாசலில் எங்களை நிறுத்தி இறந்தகாலம் படிப்பித்தார். இங்கே சமைத்தார்கள். இங்கே உறங்கினார்கள். இங்கே வாழ்ந்தார்கள். நாங்கள் கோரஸாகத் திருப்பிச் சொன்னோம். அவர்கள் வாழ்ந்தார்கள் என்று நாங்கள் சொல்லி முடிக்க, பக்கத்து அறையிலிருந்து ஒரு விசில் காதைக் கிழித்தது.

ஓடிப்போய்ப் பார்த்தால் மேசனார் குந்தியிருக்கிறார். சட்டைக் கையை மேலே மடித்திருக்கிறார். குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றி மண் குழைத்திருக்கிறார். ஓட்டுத் துண்டுதான் சாந்து பூசுகிற சாந்தகப்பை. சுவரடியில் உதிர்ந்து கிடந்த செங்கல்லை எடுத்து, வரிசை பார்த்து, மட்டம் பார்த்து, சமையலறைச் சுவரின் ஒரு மூலையைக் கட்டி முடித்துவிட்டார். காவலாளி விசிலை ஊதிக்கொண்டே நிற்கிறான்.

எங்கள் எல்லோரையும் வாசலில் இருந்த அலுவலக அறைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு பொலிஸ் அதிகாரி வந்தார், இளம் ஆள். எங்களிடம் இருந்த கடவுச்சீட்டின் யோக்கியதை எனக்குத் தெரியும். மேசனார் அடுக்கிய கல்லுக்காக நாளைக்கே எங்களை விமானத்தில் ஏற்றினால், கொழும்பில் யார் காத்திருப்பார்கள் என்பதும் தெரியும். அந்தக் கோபத்தில் அவரை அந்த இடத்திலேயே கொன்றிருப்பேன்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். காவலாளியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். சுவர் சேதம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கவேண்டும். கேட்டார்:

"கி லா ரொத்தோ?"

நான் அவசரமாக, "ஐயா, இவர் உடைக்கவில்லை" என்று தொடங்கினேன். மேசனார் மண் ஒட்டிய கையால் என் வாயைப் பொத்தினார்.

"நீ பேசாம இரி. இது என்னட்டக் கேட்டது."

பிறகு அவர் எழும்பி நின்று பேசினார். இத்தாலியனில்தான். காலமில்லை, பாலில்லை, இலக்கணமென்று ஒன்றுமே இல்லை. அப்படியே தமிழில் போட்டால் இப்படித்தான் வரும்: "இந்தச் சுவர் எனக்குத் தெரியாது. என் வீடு. தூரம். நான் கட்டு. சமையலறை இல்லை. அறை இல்லை. கதவு மட்டும். நான் பொலிஸ் போ. பொலிஸ் கேள் இல்லை. பொலிஸ் எழுது, காற்று. காற்று இல்லை, சிஞ்ஞோரே! காற்று இல்லை! நீ பொலிஸ். நீ கேள். முதல் பொலிஸ் நீ. நன்றி."

அவ்வளவுதான். சொல்லிவிட்டு, சூறாவளிக்கும் செல்லடிக்கும் ஏஜென்சிக்காரனுக்கும் அழாத அந்த மனிதர், ஒரு கேள்வியைக் கேட்டதற்காக அழுதார். அதுவும் கோபமாகத்தான் அழுதார். யாரும் ஆறுதல் சொல்லிவிடக்கூடாது என்பது போல எல்லோரையும் முறைத்துக்கொண்டு அழுதார்.

சிஞ்ஞோரா மெல்லக் கேட்டார், எப்போது நடந்தது என்று. "போன வருசத்துக்கு முந்தின வருசம்" என்று நான் சொன்னேன். இரண்டாயிரம் வருடத்துக் கதைகளைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அந்த அம்மாவுக்கு, இரண்டு வருடத்துக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அதிகாரி பேனாவை மூடினார். பிறகு கடவுச்சீட்டைக் கேட்காமலேயே, சட்டம் சட்டம்தான், கட்டியதைப் பிரித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்றார். நான் மொழிபெயர்த்தேன். மேசனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உடைக்கிறதுக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லு மனே. நான் மேசன்."

எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை. கடைசியில் அந்த அதிகாரியே தொப்பியைக் கழற்றிக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, அந்தச் சமையலறை மூலையில் குந்தி, ஈர மண்ணிலிருந்து ஒவ்வொரு கல்லாகக் கழற்றினார். லேசில் வரவில்லை. பிடிப்பான வேலை. மேசனார் பக்கத்தில் நின்று, "பாத்து, பாத்து, மொத்திப்போடாத" என்று தமிழில் அதட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு சிஞ்ஞோரா எங்களை இடிபாடு பார்க்கக் கூட்டிப்போகவில்லை. சந்தைக்குப் போனோம், கடற்கரைக்குப் போனோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் மருமகன் கட்டிக்கொண்டிருந்த புதுவீட்டுக்குக் கூட்டிப்போனார். மேசனார் உள்ளே நுழைந்து சுவரில் கையை வைத்தார். "செவருக்கு ஊத்தின தண்ணி காணாது" என்றார். அடுத்த நாள் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்.

பிறகொரு காலத்தில் எங்களுக்கெல்லாம் இருப்பதற்குப் பத்திரம் கிடைத்தது. பத்திரம் கிடைத்த அன்றே எங்கள் ஆட்கள் சுவிசுக்கும் ஜேர்மனிக்கும் ரயில் ஏறினார்கள். மேசனார் மட்டும் ஊருக்கு விமானம் ஏறினார். யுத்தம் கொதித்துக்கொண்டிருந்தது. விடுதியே அவரைச் சுற்றி நின்று ஏசியது. நான்தான் அதிகம் ஏசினேன்.

"பைத்தியமா உங்களுக்கு? திரும்பவும் உடைப்பானுகள்!"

"உடைச்சா மறுகா கட்டுறன். புள்ளைகள் ஒழுகிற கொட்டிலுக்க கிடக்குதுகள் மனே. நான் இஞ்ச ஆரோ ஒருத்தன்ட வீட்டுக்குப் பூச்சுப் பூசிக்கிட்டு நிக்கன்."

கட்டினார். திரும்பவும் உடைந்தது. திரும்பவும் கட்டினார். இரண்டாம் முறையும் பொலிசுக்குப் போனார் என்றும், உயிரோடு திரும்பி வந்தது முருகன் புண்ணியம் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். இன்றுவரை அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அவருக்கு மட்டுமா? அந்தப் பகுதியில் எத்தனை வாசல் நிலைகள் தனியே நின்றன! யார் உடைத்தது என்று கேட்டு எழுத எதற்கும் யாரும் பேனாவைத் திறக்கவில்லை. இரண்டாயிரம் வருடச் செங்கல்லில் கை வைத்தால் விசில் ஊதுகிற உலகம், ஆள் குடியிருந்த வீட்டுக்கு ஊதவில்லை.

சண்டை ஓய்ந்தபின் நானும் ஊருக்கு வந்துவிட்டேன். வாவிக் கரையில் ஒரு வீடு கட்டினேன். கட்டும்போது அவரைக் கூப்பிடவில்லை; வயதுபோன மனிதரைச் சாரத்தில் ஏற்றக்கூடாது என்று நினைத்தேன். அதை அவர் மன்னிக்கவில்லை. முன்சுவரில் யன்னலுக்கு மேலே ஒரு வெடிப்பு விழுந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, அடுத்த நாளே பஸ் ஏறி வந்தார். செவிப்புலன் குறைந்துவிட்டது, குரல் குறையவில்லை. என்னையும், என் மேசனையும், சீமெந்துக் கொம்பனியையும், இந்தக் காலத்துப் பிள்ளைகளையும் முற்றத்தில் நின்று வரிசையாக ஏசினார். தேநீர் குடித்தார். வெடிப்பைத் தானே பூசுவதாகச் சொன்னார். ஆனால் நான் எடுத்துவைத்திருந்த மணலைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "உவர் மண்! இதில நான் கை வைக்க மாட்டன். நல்ல ஆத்துமணல் எடுத்து வை, மறுகா வாறன்" என்று போய்விட்டார்.

மாதத்துக்கொரு தடவை வருகிறார். மணலைப் பார்க்கிறார், ஏசுகிறார், தேநீர் குடிக்கிறார், போகிறார். அந்த வெடிப்பை ஏன் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள், மானக்கேடு என்று என் மனைவி சத்தம் போடுகிறாள்.

நல்ல ஆற்றுமணல் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். எடுக்கத்தான் மனம் வரவில்லை.